முழங்காலளவு ஆறு

அப்பாவின் சவப்பெட்டி நகராமல் இருக்க ஒரு கையால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததால், படகு நின்றது முதலில் மகளின் கைக்குத்தான் தெரிந்தது. மோதலும் இல்லை, குலுக்கலும் இல்லை. அடியில் யாரோ மெத்தை விரித்து வைத்திருந்ததுபோல, ஒரு முனகலோடு அது உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் இன்னும் சற்று நேரம் ஓடித் தண்ணீரைக் கலக்கியது. படகோட்டி அதை அணைத்ததும் எல்லாம் ஓய்ந்தது.

கரைகள் இரண்டும் மூடுபனிக்குள் போய்விட்டிருந்தன. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் கல்லறை என்று சொல்ல முடியவில்லை.

"மணல்ல ஏறிடுச்சு," என்றான் படகோட்டி. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் நெட்டை.

"நல்லா இருக்குடா கதை," என்றாள் அத்தை, பெட்டியைப் பார்த்து. "உயிரோட இருந்தப்பவும் எந்த நல்லது கெட்டதுக்கும் நீ நேரத்துக்கு வந்தவன் இல்ல. இன்னைக்குமா?"

அண்ணன் சிரித்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

அப்பா முந்தாநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அம்மா அக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். பாலத்தைச் சுற்றிப் போனால் அரை நாள் ஆகும். ஆற்றில் இருபது நிமிடம். முப்பது வருடம் நீர்வழித் துறையில் இந்த ஆற்றின் ஆழத்தை அளந்தவரை ரோட்டிலா கொண்டுபோவது என்று அத்தைதான் பிடிவாதமாக நின்றாள்.

"ஆமா, இந்த எடத்தத் தூர் வாரக்கூடாதுன்னு எழுதுன புண்ணியவான் யாரு?" என்றாள் அத்தை இப்போது. "அவன் கையில புத்து வைக்க!"

நெட்டை குனிந்து ஒரு கயிற்றை அவிழ்த்தான்; அதை அவிழ்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மகள் பெட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான்கு வருடங்களுக்கு முன் துறையைச் சாலைப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைத்தார்கள். ஆழம் அளப்பவர்களின் வேலைதான் முதலில் போனது. அப்பா வீட்டுக்கு வந்தார். தலைமை அலுவலகத்தில் திட்டப் பிரிவில் இருந்த மகளுக்கு வேலை தங்கியது. போன வருடம் நிதியைப் பாதியாக வெட்டியபோது, எதையாவது விட்டால்தான் எதையாவது காப்பாற்ற முடியும் என்றார் மேலதிகாரி. எந்தெந்த இடத்தில் தூர் வாருவதை விடலாம் என்ற பட்டியலை அவள் தயாரித்தாள். இந்த வளைவுக்கு நேராக 'நாளொன்றுக்குப் பதினொரு படகுகள்' என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் 'கைவிடலாம்.' அன்று சாயங்காலம் பேருந்தில் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டு, கடைசி நிறுத்தம்வரை போய்விட்டாள்.

வீட்டில் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வாராவாரம் போனில் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு சரி. ஒரு வருடமாக அவள் ஊருக்கே வரவில்லை. வேலை அதிகம் என்றாள்.

"எடைய கொறைக்கணும்," என்றான் நெட்டை. "எறங்குங்க. பயப்படாதீங்க, முழங்கால்தான்."

"நான் எறங்க மாட்டேன்," என்றாள் அத்தை. "முப்பத்தெட்டு கிலோ ஒரு எடையா? அவனத் தனியா விட்டுட்டு எப்படி?"

மூவரும் இறங்கினார்கள். செருப்பைக் கழற்றி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகள் நடு ஆற்றில் நின்றாள். கால் விரல்களுக்கிடையே மணல் மெதுவாக ஓடியது. வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல அத்தனை சாதாரணமாக இருந்தது. அண்ணன் முன்பக்கம் போய்க் கயிற்றை இழுத்தான். அவளும் நெட்டையும் பின்னால் தள்ளினார்கள்.

"ரெண்டு வாரமா உடம்பு முடியாம வரல அவரு," என்றான் நெட்டை, அத்தைக்குக் கேட்காத குரலில். "இல்லன்னா தெனம் காலைல சின்ன வள்ளத்துல வந்து, கம்பு விட்டு ஆழம் பாத்து, எப்படிப் போகணும்னு சொல்லிடுவாரு. மணல் எடம் மாறிடுச்சு, எனக்குத் தெரியல."

"வேலைதான் போயிடுச்சே. அப்புறமுமா?"

"அப்புறமுந்தான்."

அவள் தள்ளுவதை நிறுத்தினாள். "அவருக்குத் தெரியுமா? நான்தான் எழுதினேன்னு?"

"துறையில அந்தப் பட்டியல படித்துறையில ஒட்டுனாங்களே. கீழ உங்க பேரு." நெட்டை தண்ணீரைப் பார்த்தான். "அரை மணி நேரம் நின்னு படிச்சாரு."

"திட்டினாரா?"

"அவரா? போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்தி, என் பொண்ணு எழுதினது, எழுத்துல ஒரு பிசிறு இருக்கா பாருன்னாரு. அப்புறம் என்கிட்ட வந்து, கணக்கு சரியாத்தான் போட்டிருக்கா, ஒண்ணே ஒண்ணு விட்டுட்டா, என் வள்ளத்தையும் சேத்தா பன்னெண்டுன்னாரு."

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் படகின் ஈரமான பலகையில் பதித்து, தோளையும் கொடுத்துத் தள்ளினாள். படகு அசைந்தது. கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு எடையே இல்லாததுபோல மிதந்தது.

எஞ்சினைப் போட வேண்டாம், இன்னும் ஆழம் வரட்டும் என்றான் நெட்டை. படகு அத்தையையும் அப்பாவையும் சுமந்துகொண்டு தானாக முன்னே போயிற்று. மூவரும் அதன் பின்னால் ஆற்றின் நடுவே நடந்தார்கள். தண்ணீர் சலசலப்பதைத் தவிர வேறு சத்தமில்லை. பனிக்குள் எங்கோ ஒரு பறவை கூப்பிட்டுவிட்டு நிறுத்தியது.

தண்ணீர் தொடைக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு. அண்ணன் ஏறினான். நெட்டை ஏறி, கையை நீட்டினான்.

"ஏறும்மா."

"வரேன்," என்றாள் மகள். பலகையிலிருந்து கையை எடுக்காமல் இன்னும் நாலு எட்டு நடந்தாள்.