எழுதியவர் பேசக்கூடாது

வாசிப்பு நாளில் ஒரே ஒரு விதிதான். எழுதியவர் பேசக்கூடாது.

ஒருவர் எழுதிய செய்முறையை இன்னொருவர் கையில் வாங்கி, தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்து காட்டுவார். எழுதியவர் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுத மறந்ததை வாயால் சொல்லி ஒப்பேற்றக்கூடாது. நாளைக்கு அந்தத் தாளைப் படிப்பவர் பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தேன்.

மருந்து பாட்டில்களை நீராவியில் சுத்தம் செய்து அனுப்பும் தொழிற்சாலை அது. வாரம் இரண்டு நாள் காலையில் போய், அங்கே வேலை செய்பவர்களுக்குச் செய்முறையும் அறிக்கையும் எழுதக் கற்றுக்கொடுத்தேன். முதல் வரைவு, திருத்தம், இரண்டாம் வரைவு, வாசிப்பு, அப்புறம் கடைசிப் பிரதி. எதையும் கிழித்துப் போடக் கூடாது. எல்லா வரைவும் என் கோப்பில் இருக்கும். பத்துப் பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பேனாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

வாசிப்பதற்கு எல்லோரும் கேட்பது ஒருவனைத்தான். இருபத்து மூன்று வயது. தாளில் இருப்பதை அப்படியே செய்வான் என்பதால் ரோபோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேக்கிங்கில் இருந்த ஸ்டிக்கர் அக்கா 'லேபிளை எடுத்து ஒட்டவும்' என்று எழுதியிருந்தார். அவன் எடுத்து அவர் கைப்பையில் ஒட்டினான்.

"டேய், அது புதுப் பை."

"எங்க ஒட்டணும்னு போடலையேக்கா."

ஒவ்வொரு படி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்து, "செஞ்சாச்சு. அடுத்து?" என்பான். அறையே சிரிக்கும்.

நீராவிக் கலனைப் பார்த்துக்கொண்டவரைக் கண்ணாடி என்று கூப்பிட்டார்கள். கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு மேசையெல்லாம் தேடுவார். பதினெட்டு வருடமாக அந்தக் கலனோடு இருப்பவர். அவருடைய முதல் வரைவில் இப்படி இருந்தது:

'நீராவியை வெளியே விட்ட பிறகு சீறல் அடங்கும்வரை நிற்கவும். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்தாலும் நம்ப வேண்டாம். கதவில் கை வைத்துப் பார்க்கவும். நடுக்கம் இருந்தால் திறக்க வேண்டாம்.'

ஓரத்தில் நான் சிவப்பில் எழுதினேன்: 'எத்தனை நிமிடம்? அளவு வேண்டும்.' கை வைத்துப் பார்க்கச் சொன்ன வரியையும் நடுக்கத்தையும் அடித்தேன்.

"நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும் டீச்சர்," என்றார் அவர். "மழை நாள்ல ஒண்ணு, லோடு ஜாஸ்தின்னா ஒண்ணு. அதுவா சொல்லும்."

"புதுசா வர்றவங்களுக்கு அது சொல்லாதே அண்ணே. ஒரு எண் வேணும்."

அவர் நெற்றியைத் தடவினார். நான் பேனாவை எடுத்து, 'சீறல் அடங்கும்வரை' என்பதை அடித்து '5 நிமிடம்' என்று எழுதினேன். அடுத்தவர் தாளோடு காத்திருந்தார்.

நான் இயற்பியல் படித்தவள்.

வாசிப்பு நாளில் அறையின் இரும்பு அலமாரிதான் கலன். ரோபோ வால்வைத் திறப்பதுபோல் கையைச் சுழற்றினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் அசையாமல் நின்றான். கதவுப் பிடியில் கை வைத்தான். அப்போது கண்ணாடி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வாய் திறந்தது. நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"செஞ்சாச்சு," என்றான் ரோபோ. எல்லோரும் கைதட்டினார்கள். வகுப்பிலேயே தடங்கல் இல்லாமல் போன செய்முறை அதுதான்.

இரண்டு மாதம் கழித்து, கண்ணாடி லீவில் இருந்த ஒரு முற்பகல், ரோபோ முதல்முறையாகக் கலன் வேலையில் தனியாக நின்றான். வெளியே மழை. தாள் கலனுக்குப் பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறையில் தொங்கியது. ஐந்து நிமிடம் நின்று திறந்திருக்கிறான். உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பை அணைப்பேன். செஞ்சாச்சு. அடுத்து? கதவைப் பூட்டுவேன். செஞ்சாச்சு. அடுத்து? காதில் கேட்கிறது என்று சொல்லமுடியாது. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால், அந்த இரண்டு வார்த்தை அளவுக்கு ஓர் இடைவெளி வந்து உட்கார்ந்துகொண்டது. "எதுக்குடி அங்கங்க நிக்கற?" என்று அம்மா கேட்டாள்.

வகுப்பை நிறுத்த வேண்டாம் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். அடுத்த வாசிப்பு நாளில் ஸ்டிக்கர் அக்கா வாசித்தார். ஒரு படி செய்தார், நின்றார். அடுத்த படி, நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்காமல் அந்த நேரம் கழியக் காத்திருந்தார்கள். நான்காவது படியில் அவர் தாளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

விசாரணை தொடங்கியது. தாளின் அடியில் 'எழுதியவர்' என்ற கட்டத்தில் கண்ணாடியின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. கற்றுக்கொடுத்தவருக்கு அதில் கட்டம் கிடையாது. தப்பான நேரத்தை எழுதி ஒருவன் உயிர் போகக் காரணமாக இருந்தார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். போலீசுக்கும் போகும் என்று பேச்சு. மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டும் அவர் எதுவும் சொல்லவில்லையாம்.

வாசலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன்.

"அந்த எண் உங்களுது இல்லன்னு ஏண்ணே சொல்லல?"

"எழுதினவன் பேசக்கூடாதுன்னீங்களே டீச்சர்." குத்திக்காட்டுகிற குரல் இல்லை. "அன்னைக்கே பேசியிருக்கணும். பேசல. இப்ப பேசி என்ன?"

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

கோப்பில் அந்த முதல் வரைவு இருந்தது. என்னிடம் கடைசிப் பிரதியை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். முதல் வரைவு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு போனேன், வந்தேன். மூன்றாம் நாள் விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்தேன். அந்த அம்மா வெகுநேரம் படித்தார்.

"சிவப்புல யார் எழுதினது?"

"நான்."

"அஞ்சு எப்படி வந்தது? கணக்குப் பண்ணீங்களா?"

"இல்ல."

"அவர் சொன்னாரா?"

"இல்ல. அவர் நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும்னார். நான்தான் போட்டேன்."

"எதை வச்சு?"

யோசித்தேன். எதையும் வைத்து இல்லை. அதையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்.

தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

"நீங்கதான் எழுத்து மேடமா? அவனோட அக்கா நான். உங்க கிளாஸ் பத்தியே பேசிக்கிட்டு இருப்பான்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே சொன்னதை வரிசையாக அவளிடமும் சொன்னேன். அஞ்சு என்று எழுதியது நான், கண்ணாடி இல்லை.

"வீட்டுல ஒண்ணு சொன்னா செய்யமாட்டான்," என்றாள். "குடை எடுத்துட்டுப் போடான்னா நனைஞ்சுக்கிட்டு வருவான். காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்தா ஜன்னல் வழியா தூக்கிப் போடுவான். அடி வாங்கியும் கேட்டதில்ல. அப்பாவே கைய விரிச்சுட்டாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க சொன்னா மட்டும் எப்படி மேடம் கேட்டான்?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.