பார்னபியின் வயிற்று முடி

"சிரைக்காம பாக்க முடியாதா டாக்டர்?" ஹிலரி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

மேசைமேல் மல்லாந்து கிடந்த பார்னபியின் வயிற்று முடி ஸ்பிரிட்டில் நனைந்து கொத்துக் கொத்தாய் ஒட்டியிருந்தது. நீலச்சாம்பல் நிறப் பெர்ஷியன் பூனை. ஐந்து வயது. அவள் வீட்டிலேயே பிறந்தவன். வரும் சனிக்கிழமை மான்செஸ்டர் கண்காட்சியில் இன்னொரு முதல் பரிசு வாங்கிவிட்டால் பெரிய பட்டம் அவனுக்குத்தான். ஆனால் வயிறு மழித்த பெர்ஷியனை எந்த நடுவரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். அந்த முடி வளர ஆறு மாதம் ஆகும்.

டாக்டர் ப்ரைஸ் ஸ்கேன் கருவியை மெல்ல நகர்த்தினார். "இடது கிட்னியில ஒண்ணும் தட்டுப்படல. வலதுல ஒரே மங்கல். முடிக்குள்ள காத்து நிக்குதும்மா. இப்படியே விட்டா 'தெரியல'ன்னுதான் எழுதித் தருவேன்."

முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் டெஸ்மண்ட் நிமிர்ந்தான். "தெரியலன்னா நல்லதுதானே ஹில்? கண்காட்சி முடியட்டும், அப்புறம் வந்து பாத்துக்கலாம்."

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாளை மறுநாள் தோழி க்ளெனிஸ் தன் பெண் பூனையை இவனோடு சேர்க்கக் கொண்டுவருகிறாள். அவளுடைய பழைய பூனைகள் இரண்டும் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி மண்டி, தண்ணீரைக் குடித்துக் குடித்தே இளைத்துச் செத்தவை. தகப்பனுக்கு இருந்தால் குட்டிகளில் ஏறக்குறையப் பாதிக்கு வந்துவிடும் நோய். பார்னபிக்கு இதுவரை பதினொரு குட்டிகள்.

"சிரைங்க டாக்டர்," என்றாள்.

மழித்த வயிறு ரோஜா நிறத்தில் சின்னக் குழந்தையுடையதைப் போல இருந்தது. திரை இப்போது தெளிந்தது. வலது சிறுநீரகத்தில் கறுப்பாக மூன்று வட்டங்கள்.

"சின்னக் கட்டிங்கதான். இன்னும் பல வருஷம் நல்லாவே இருக்கலாம்," என்றார் டாக்டர். "ஆனா இனிமே இவன எதுகூடவும் சேக்காதீங்க. கருத்தடை பண்ணிடலாம்."

ஹிலரிக்குக் கண் நிறைந்துவிட்டது. டெஸ்மண்ட் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஆபரேஷன் ஆயிட்டா சுவரெல்லாம் மூத்திரம் பீச்சமாட்டான்ல? தோட்டத்துக் கூண்டுல தனியா கிடக்க வேணாம்ல?"

"என் பட்டம் போச்சேன்னு நான் அழறேன், உனக்கு இதான் கவலையா!"

"அவன் என் கால்மாட்டுல படுக்கணும்னு எத்தன வருஷமா கேக்கறேன்."

அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"என்னடி, பட்டத்துராணி!" என்றாள் க்ளெனிஸ். "நாளன்னிக்கு எத்தன மணிக்கு வரட்டும்?"

"வராத க்ளெனிஸ். அவனுக்கு இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வயித்த மழிச்சியா?"

"மழிச்சாச்சு."

"சனிக்கிழமை கண்காட்சிய வச்சுக்கிட்டா? பைத்தியக்காரி." க்ளெனிஸ் மூக்கை உறிஞ்சினாள். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"மூணு நாலு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சிருக்கும். அப்ப உன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"குட்டி வாங்கினவங்களுக்கு?"

"இனிமேதான் சொல்லணும். ஒம்போது வீடு, அதுல ரெண்டு வீட்ல ஜோடியா வாங்கினாங்க."

"போன கீழ வை. நான் கிளம்பி வரேன், பக்கத்துல உக்காந்துக்கறேன். எவளாவது கத்தினா போன என்கிட்ட குடு."