நசுங்காத எலுமிச்சை

தம்பி நாச்சியப்பன் உயிர்விட்ட காரில் அந்நியர் எவரும் உட்காரக்கூடாது என்று வைரவன், அதைப் புந்தோங்கில் உள்ள பழைய இரும்புக் கடையில் கண்ணெதிரே நசுக்க வைத்தார். குடும்ப மானம் தப்பியது என்று நிமிர்ந்து நடந்தார்.

மறு வருடம் புதுக் கார் வாங்கி, கோயில் வாசலில் சக்கரங்களுக்கு எலுமிச்சை வைத்தார்.

"பழைய காருங்கள உருக்கித்தான் புதுசு எல்லாத்தையும் செய்றாங்க, ஐயா. ஒண்ணும் வீணாப் போகாதுலா," என்றான் விற்பனையாளன் தனேஸ்வரன்.

வைரவன் வண்டியை நகர்த்தினார். மூன்று கனிகள் நசுங்கின. பழைய காரில் தம்பி வழக்கமாக உட்காரும் முன்னிருக்கைப் பக்கத்துக் கனி மட்டும் முழுதாக உருண்டது. அந்தக் காலி இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது.

"ஆளே இல்லையே ஐயா! சென்சார் கோளாறு," என்றான் தனேஸ்வரன், சன்னல் வழியே எட்டிப் பார்த்து.

"என் தம்பிதான்." வைரவன் முதுகு வளையாமல் கைநீட்டி பெல்ட்டைப் பூட்டினார். மணி நின்றது.

பக்கத்தில் பூஜைக்கு நின்ற அந்நியரின் புதுக் காரிலும், காலி இருக்கைக்கு அதே மணி அடிக்கத் தொடங்கியது.