கிருமிக்குச் சாப்பாடு

ஆய்வுக்கூடத்து நீராவிக் கொப்பரையிலிருந்து எடுத்த குடுவையில் கறிச்சாறு மணத்தது. சூடு சற்றுத் தணிந்ததும் அவள் அதைக் கண்ணாடித் தட்டுகளில் குமிழி எழாமல் ஊற்றினாள். அது அல்வாபோல இறுகியதும், நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை ஆய்வாளர்கள் அதில் வளர்ப்பார்கள். "எனக்கு வெறுஞ்சோறு, கிருமிக்குக் கறிச்சாறா? அடுத்த பிறவியில கிருமியாப் பொறக்கணும்டி" என்பான் மூட்டை தூக்கும் அவள் கணவன்.

அந்த வாரம் அவன் வாயில் கேலி வரவில்லை. மகள் டைபாய்டு காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மருந்தை இரண்டு முறை மாற்றியும் உடம்பு அனலாகக் கொதித்தது. மகளுடைய ரத்தத்தைப் பரிசோதிக்க இங்கேதான் அனுப்பியிருந்தார்கள். தான் ஆக்கிப் போட்டதைத் தின்றுதான் மகளைத் தின்கிற கிருமி வளர்கிறது என்ற நினைப்பு அவளை விடவில்லை.

"அதுக்குச் சோறு போடாம விட்டா செத்துடாதா மேடம்?" என்று முந்தின நாள் ஆய்வாளரிடம் கேட்டே விட்டாள்.

"தட்டுல இருக்கறது செத்துடும்க்கா. பாப்பா உடம்புல இருக்கறது சாகாதே. இங்க நல்லா வளரட்டும். அப்பதான் எந்த மருந்துக்கு அடங்கும்னு தெரியும்."

ஆய்வறைக்குள் போக அவளைப்போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அனுமதியில்லை. அவள் ஊற்றுவதை முடித்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவழியாக ஆய்வாளர் வந்து, மூடிய தட்டொன்றைக் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கிக் காட்டி, கதவை லேசாகத் திறந்தார்.

"மத்த மருந்து எதுக்கும் மசியலக்கா. ஆனா இந்த மருந்து வில்லையைச் சுத்திப் பாருங்க, ஒண்ணுமே முளைக்கல. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன்."

வட்டமாக, துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது அந்த இடம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை.

புது மருந்து ஏறி, சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. மகள் எழுந்து உட்கார்ந்து, பசிக்குது என்று சண்டை பிடித்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடியே அவள் வேலைக்கு வந்தாள்.

"வீட்டுல எந்தத் தண்ணிக்கா குடிக்கிறீங்க?" என்றார் ஆய்வாளர்.

"தெருக்குழாய்தான் மேடம். சாக்கடையை ஒட்டியே குழாய் போகுது. கலங்கலாத்தான் வரும். எத்தனையோ தடவை மனு குடுத்தாச்சு."

"காய்ச்சிக் குடிங்க" என்றார் அவர்.

அவள் தலையாட்டிவிட்டு, சுவரில் இருந்த சுத்திகரிப்பு எந்திரத்தின் அடியில் குடுவையை வைத்துக் குழாயைத் திறந்தாள். மூன்று முறை வடிகட்டிய தண்ணீர், தூசு தும்பில்லாமல், கிருமிகளின் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்காக விழுந்துகொண்டிருந்தது.