களவெட்டியில் சொன்ன சொல்

பக்கீர் முகைதீனிடம் ஏச்சு வாங்குவதற்கென்றே ஆட்கள் வேலைக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. வரிப்பத்தான்சேனை வயல்களில் அவர்தான் முல்லைக்காரர். நெல் வெட்டுக்கும், மாடு விட்டுச் சூடு மிதிப்பதற்கும் தலைமை ஆள். ஒருவனை ஏசிய ஏச்சால் இன்னொருவனை ஏச மாட்டார். "உன்னப் பெத்த நேரத்தில உண்ட உம்மா ஒரு தென்னம்பிள்ளை வெச்சிருந்தா, இப்ப இளனியாவது குடிச்சிருப்பாடா" என்று அவர் சொன்னதை, ஏச்சு வாங்கிய றஸாக்கே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவருடைய தங்கை சுஹறாவைக் கட்டியவன் அவன்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் வீட்டுக் கூரை வளை முறிந்து பக்கீரின் தலையில் விழுந்தது. உயிர் தப்பியது, பேச்சுத் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த மிருகங்களின் பெயரெல்லாம் சொல்லச் சொன்னார். "மாடு" என்றார் பக்கீர். வியர்த்து வடிந்தது. பிறகும் "மாடு"தான். பென்சிலைக் கொடுத்து விதம்விதமாகக் கீறச் சொன்னபோது, ஒரே சதுரத்தைத் தாள் நிறையக் கீறினார்.

"வரம்பு கட்டுறார் டாக்டர்" என்றான் றஸாக். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆளுக்கு எல்லாம் விளங்குது. உள்ளுக்கு இருக்கிறத எடுத்துத் தரத்தான் ஏலாது" என்றார் டாக்டர். "கையும் அப்படித்தான்."

வா என்பதற்கும் போ என்பதற்கும் அந்தக் கை ஒரே சுற்றுத்தான் சுற்றியது. தண்ணீருக்கும் "மாடு", சோற்றுக்கும் "மாடு".

அடுத்த வெட்டுக்கு வயற்சொந்தக்காரர் அச்சிமுகம்மது போடியார் றஸாக்கைக் கூப்பிட்டார். "இனி நீதான் முல்லைக்காரன்."

"மச்சானும் வரட்டும் போடியார். வேலை இல்லாட்டி அந்த மனிசன் மௌத்தாப் போயிடுவார்."

"அந்த வாயை வெச்சுக்கொண்டு களவெட்டிக்கா?"

போடியாரின் பயம் றஸாக்குக்கும் தெரிந்ததுதான். சூடு மிதிக்கும் களவெட்டியில் ஊர்ப்பேச்சுப் பேசக்கூடாது. நெல்லைப் பொலி என்பார்கள். நெல் அள்ளும் கடகத்தைப் பெருவாயன் என்பார்கள். மாட்டை வாரிக்காலன் என்பார்கள். உள்ள பெயரைச் சொன்னால் களத்தின் அருளான பறக்கத்து எழும்பிப் போய்விடும். பக்கீரிடம் மிஞ்சிய ஒரே சொல்லோ அங்கே ஆகாத சொல்.

"வாயே துறக்க மாட்டார். நான் பொறுப்பு."

"துறந்தா அந்த இடத்திலேயே ஆள் வெளிய. சொல்லிப்போட்டன்."

சூடு மிதித்த அன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று எழும்பியது. பக்கீர் உயரத்தில் நின்று தூற்றினார். தூற்றுவதைக் கை மறக்கவில்லை. பதர் ஒரு பக்கம் பறக்க, மணி நேர் கீழே கொட்டியது. கீழே நின்ற றஸாக் அண்ணாந்து பார்த்தான். முன்பென்றால் இந்த நேரத்துக்கு மச்சான் பொலிப் பாட்டைத் தொடங்கியிருப்பார். அதில் போடியாரின் தொப்பையையும் ஒரு பெருவாயனாகக் கணக்கில் சேர்ப்பார். போடியாரும் விளங்காதவர் போலத் தாடியைத் தடவுவார். அதெல்லாம் வேண்டாம், ஒரேயொரு ஏச்சுக் கிடைத்தால் போதும்.

"என்ன மச்சான், சத்தத்தக் காணல்ல? என்னை ஏசுங்களன்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. பக்கீரின் முகம் மலர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு எதையோ தேடித் தேடி அலைந்தது.

"மா... மாடு!"

களவெட்டி அப்படியே நின்றது. பக்கீரின் கையிலிருந்து கடகம் விழுந்து உருண்டது.

"இறக்கு அந்த ஆளை" என்றார் போடியார்.

"நானெல்லோ வாயைக் கிண்டினன் போடியார். பிழை எண்ட."

"நீ முல்லைக்காரன். உண்ட வேலையப் பாரு. அவர் போகட்டும்."

றஸாக் குவியலைப் பார்த்தான். ஆறு மாதச் சோறு அதில் கிடந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். மேலே மச்சான், செய்த குற்றம் விளங்கி, குனிந்து நின்றார்.

"நெல்லு" என்றான் றஸாக். ஒருவன் காதைப் பொத்தினான். "கடகம். மாடு. நெல்லு, நெல்லு, நெல்லு!"

"ரெண்டு பேரும் வெளிய போங்கடா!" போடியாரின் தடி உயர்ந்தது.

மறுகிழமை இருவரும் ஒலுவில் கடற்கரைக்குக் கரைவலை இழுக்கப் போனார்கள். இழுவைக்காரர் எல்லோரும் ஒரே குரலில் பாட, பக்கீர் மட்டும் வாயை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

"இந்தாள் ஏன் ஒண்டும் கதைக்காம நிக்கார்?" என்று வலைக்காரன் கேட்டான்.

"அவர் கதைச்ச காலத்தில நீ கேட்டிருக்கணும்" என்றான் றஸாக், குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தபடி.