ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம்

சட்டமன்றத்தில் அந்த வியாழக்கிழமை பதினொரு வருடத்துக்கு மேல் நடந்தது. கூட்டத்தொடரின் கடைசி நாள் அது. ஐந்து மணிக்குள் ஓட்டுக்கு வராத மசோதா காலாவதி என்பது விதி. எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்ற மசோதாவோ எதிர்க்கட்சித் தலைவரின் முடியாத பேச்சில் சிக்கிக் கிடந்தது. மண்டபத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் கடிகாரக்காரரைச் சபாநாயகர் கண்ணால் கூப்பிட்டார்.

"அண்ணே, அவர் நிறுத்த மாட்டார். நீங்களாவது நிறுத்துங்க."

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடிகாரக்காரர் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார். சந்தோஷமாகவே நிறுத்தினார், அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது, மசோதா வந்தால்தான் வைத்தியம்.

நின்றது கடிகாரம் மட்டுமல்ல. மண்டபத்துக்குள் தேநீர் ஆறவில்லை, உறுப்பினர்களுக்குத் தாடி வளரவில்லை, பசியும் எடுக்கவில்லை. பசியெடுக்காத ஆளிடம் பேரம் படியாது என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரியும். பல்லை விட்டால் கண்ணைத் தருகிறோம், பிரசவத்தை எடுத்தால் எலும்பு முறிவை விடுகிறோம் என்று வருடக்கணக்கில் இழுத்தார்கள். வெளியே அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து, அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு தேர்தலில் நின்றார்கள்.

ஆறாம் வருடம் மனைவியின் கால்கள் வீங்கி மூச்சு முட்டியபோது, கடிகாரக்காரர் அவளைப் பார்வையாளர் மாடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

"எப்படி இருக்கு?"

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லங்க. அந்த மனுஷன் பேச்சு மாதிரியே இருக்கு."

ஒரே மாதத்தில் மாடம் நோயாளிகளால் நிறைந்தது. எட்டு மாதம் கழித்து அவர்களில் ஒரு தையல்காரர் செருப்பைத் தேடி வெளியே போனார். உள்ளே ஏறாமல் காத்திருந்த எட்டு மாத நோயும் வாசற்படியிலேயே அவர்மேல் மொத்தமாக வந்து இறங்கியது. அங்கிருந்தே தூக்கிப் போனார்கள். பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்வந்த கடிகாரக்காரர் மட்டும் நரைத்தார்.

"என்னங்க, எங்கப்பா மாதிரி ஆயிட்டீங்க!" என்றாள் மனைவி.

பதினோராம் வருடம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. மேசைகளைத் தட்டினார்கள்.

"இப்ப ஓடவிடுங்கண்ணே," என்றார் சபாநாயகர்.

கடிகாரக்காரரின் கை பெண்டுலத்தின்மேல் இருந்தது. "ஐயா, சட்டம் எப்ப இருந்து?"

"நாளைக் காலையில இருந்து."

அவர் மாடத்தைப் பார்த்தார். "அஞ்சு வருஷ நோய், ஐயா. காலை வரைக்கும் தாங்குவாளா?"

அதற்கு மசோதாவில் பிரிவு இல்லை. முந்நூறு பக்கம் எழுதியவர்களுக்கு, இன்றைக்கும் நாளைக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருப்பது தோன்றவில்லை. 'நாளை' என்பதை 'இன்று' என்று மாற்றத் திருத்தம் வேண்டும். திருத்தம் என்றால் விவாதம் வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

கடிகாரக்காரர் பெண்டுலத்தை ஆட்டிவிடாமலே கையை எடுத்துவிட்டு, மாடமேறி மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். வேறென்ன செய்ய?

"இந்தத் தடவையாவது முடிப்பாரா?"

"முடிக்கிற வரைக்கும் நீ இருப்பே."

அங்கே இன்னும் வியாழக்கிழமைதான். வெள்ளிக்கிழமை வேலை இருப்பவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.