நிறுத்திவிட்டு யோசியுங்கள்

காரைமேடு மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் வீடியோக்கள் எல்லாம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மாணவர் யாராவது போனில் ஒரு வீடியோவைத் திறந்தால், அதில் பாடம் நடத்தும் ஆசிரியர் எங்கே இருந்தாலும் போட்டது போட்டபடி அந்த வீடியோவுக்குள்ளே போய்விட வேண்டும். பார்த்து முடித்ததும், கிளம்பிய இடத்தின் வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடலாம். ஒரே நேரத்தில் ஊரே பார்த்தாலும் ஒருமுறை போனால் போதும். கடைசி ஆள் முடிக்கும்வரை உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் முக்கால் மணி நேர வீடியோக்களைத்தான் எடுத்தார்கள். அடுப்பில் வைத்த பால் பொங்கி, பிள்ளைகள் பள்ளி வேனைத் தவறவிட்டு, ஆசிரியர்களின் வீடுகளில் ரகளை ஆன பிறகு, பாடத்தைச் சின்னச் சின்னதாக எடுத்தால்தான் மாணவர் மனதில் பதியும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

ஊர் பழகிக்கொண்டது. வேதியியல் எடுக்கும் தாமோதரனுக்குக் கல்யாணம் நடந்தபோது, அவர் தாலியைக் கையில் வாங்கிய நேரம் பார்த்து யாரோ ‘அமிலங்களும் காரங்களும்’ வீடியோவைத் திறந்துவிட்டார்கள். கெட்டிமேளம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மண்டப வாசல் வழியாக வேகமாக நடந்து வந்து உட்கார்ந்து, மூன்று முடிச்சையும் போட்டார். தவில்காரர் மட்டும் சாப்பாட்டுப் பந்தியில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

சங்கரவேலுக்கு இதிலெல்லாம் புகார் எதுவும் இருந்ததில்லை. பேருந்து நிலையத்தில் நன்னாரி சர்பத் கடை வைத்திருப்பவர் அவர். மனைவி மங்கையர்க்கரசி அதே பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விடுவாள். சொல்ல வந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு அவர் காத்திருப்பார். அவள் வந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். கல்யாணம் ஆனவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கொடுப்பினைகூடக் கிடையாது என்று கடையில் பீற்றிக்கொள்வார்.

மங்கையிடம் ஒரு பழக்கம் இருந்தது. வகுப்பில் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை சும்மா நிற்பாள். வீடியோவிலும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோய் வைத்தாள். விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளர், அதில் மிதக்கும் ஓர் ஐஸ்கட்டி. “ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியுமா, வழியாதா? ஏன்? இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள். யோசித்து முடித்ததும் ஓடவிடுங்கள்.”

“டீச்சர், அந்த இடத்த வெட்டிருங்க,” என்று தாமோதரன் எடுத்துச் சொன்னார். “எவனாவது நெஜமாவே நிறுத்தித் தொலைச்சான்னா என்ன பண்ணுவீங்க?”

“அட போங்க சார். இதுவரைக்கும் ஒரு பிள்ளைகூட நிறுத்தினது இல்ல,” என்றாள் மங்கை. அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த ஏக்கத்தை ஆசிரியர் அறையில் யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் சங்கரவேலும்தான் கவனிக்கவில்லை, சும்மா சொல்லக் கூடாது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் ஈரப் புடவையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவரும் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கம் தொய்ந்தது. பாடத்துக்குப் போயிருக்கிறாள் என்று அவர் அவளுடைய முனையையும் எடுத்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். புடவை கையிலேயே காய்ந்துவிட்டது. அவள் வரவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை சொன்னார்: “ஒன்பதாம் வகுப்பு சுடர்விழி நிறுத்தியிருக்கா. சொன்னதச் சொன்னபடி செய்யிற பொண்ணு, நாம ஒண்ணும் சொல்ல முடியாது. நிறுத்தின கைதான் ஓடவிடணும். டீச்சருக்கு ஆன் டியூட்டி போட்டுட்டேன், நீங்க கவலைப்படாமப் போங்க.”

சங்கரவேல் தன் போனில் வீடியோவைத் திறந்து பார்த்தார். அதிலும் அந்த இடம்வரை ஓடி நின்றுவிட்டது. மற்ற மாணவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். மங்கை தம்ளரை உயர்த்திப் பிடித்தபடி, உதடு லேசாகத் திறந்தபடி நின்றாள். ஐஸும் கரையாமல் நின்றது.

அந்த வாரமே சுடர்விழியின் வீட்டுக்குப் போனார். நூற்பாலைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் கடைசி வீடு. அம்மா ஆலைக்குப் போயிருந்தாள். சுவரில் இருந்த விளக்குமாடத்தில் போனைச் சாய்த்து வைத்து, சார்ஜ் இறங்காமல் ஒயரைச் செருகியிருந்தார்கள். திரையில் மங்கை நின்றாள். தன் வீட்டு ஆளை அடுத்தவர் வீட்டு மாடத்தில் பார்க்க அவருக்கு என்னவோபோல இருந்தது.

“யோசிச்சிட்டியாம்மா?”

“இன்னும்…” என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு ஆள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

“இன்னும் முடியல, அதானே? சரி, எப்ப முடியும்? நாளைக்கு? நாளன்னைக்கு?”

“அது… வந்து…”

“அடுத்த வாரம்? சரி, அடுத்த வாரமே இருக்கட்டும். நல்லா யோசி,” என்று அவரே கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, விடைபெற்றும் வந்துவிட்டார். சர்பத் கடைக்காரரின் அவசரம் அது. பேருந்து கிளம்புவதற்குள் தம்ளர் கை மாறியாக வேண்டும்.

அடுத்த வாரம் வந்தது. அதன் பிறகும் வாரங்கள் வந்தன. யோசிக்கிற பிள்ளையை அவசரப்படுத்துவது காரைமேட்டில் வழக்கம் இல்லை. தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு அதை ஒருமுறை பக்குவமாகச் சொன்னார். சுடர்விழி பத்தாம் வகுப்புக்குப் போனாள், தேறினாள், பதினொன்றில் சேர்ந்தாள். எல்லாவற்றையும் செய்துகொண்டே யோசித்தாள்.

சங்கரவேல் சாப்பிடும்போது சாம்பார்ச் சட்டியில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வார். இன்றைக்கு உப்பு கூடிவிட்டது என்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பார். மங்கை திறந்த உதட்டோடு அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் சொல்ல வந்த அடுத்த வார்த்தை ஐஸைப் பற்றியது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அது தன் பெயராக இருந்துவிட்டால் என்ன என்று தோன்றும். அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளே இல்லை. ஏக்கத்துக்கு அந்த விவரமெல்லாம் எங்கே தெரிகிறது? அவள் வேண்டும், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் வேண்டும், கடையைச் சாத்திவிட்டு வரும்போது வேண்டும், ஒரு நல்ல செய்தி கேட்டால் இன்னும் அதிகமாக வேண்டும்.

ஒரு சித்திரை வெயிலில்தான் அவருக்கு உறைத்தது. ஐஸும் தம்ளரும் நாள் முழுக்கத் தன் கையில் புழங்குகின்றன. ஆனால் ஐஸ் கரைந்தால் என்ன ஆகும் என்று தனக்கே தெரியாது. காரைமேட்டில் ஐஸ் கரையும்வரை எவரும் குடிக்காமல் காத்திருந்ததில்லை. தம்ளரில் ஐஸைப் போட்டு, விளிம்புவரை வெறும் தண்ணீரை ஊற்றி, மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தம்ளரை ஓட்டுநர் ஒருவர் எடுத்துக் குடித்துவிட்டார். இரண்டாவதைக் கல்லூரி மாணவி ஒருத்தி குடித்தாள். மூன்றாவதைக் கையால் அணைபோட்டுக் காத்தார். ஐஸ் சிறுத்துக்கொண்டே வந்து, இல்லாமல் போனது. ஒரு சொட்டும் வழியவில்லை.

கடையை அப்படியே போட்டுவிட்டு நூற்பாலைக்குப் பின்னால் ஓடினார்.

வாசலில் சுடர்விழியின் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க அண்ணாச்சி. அந்தப் போன்ல ஒரு பேச்சுப் பேச முடியல. டீச்சர் உள்ள நிக்காங்க, அவங்களக் காதுல வச்சுக்கிட்டா பேசுறது? அக்கம்பக்கத்து வீட்டுப் போன்லதான் பொழப்பு ஓடுது,” என்றாள். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

“வழியாது!” என்றார் சங்கரவேல், உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக. “பாப்பா, வழியாது! இப்பத்தான் பாத்துட்டு வாரேன்.”

“தெரியும் சார்,” என்றாள் சுடர்விழி.

அவரை சார் என்று கூப்பிடுகிறவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவர் அண்ணாச்சி.

“தெரியுமா? சரி, ஏன்னு தெரியல, அதானே…”

“அதுவும்… தெரியும்.”

அவருக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் ஏன் என்று கேட்க வாய் திறந்தார். வழக்கம்போல அதற்கான பதிலையும் தானே சொல்லிவிட இருந்தார். ஆனால் சொல்வதற்கு அவரிடம் பதில் எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் பேசாமல் பாயில் உட்கார்ந்தார்.

வெளியே முறத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்தது. அந்தப் பெண் சொல் சொல்லாக எடுத்து வைத்தாள்.

“நான் எப்பவோ… யோசிச்சு முடிச்சிட்டேன் சார். வகுப்புல என்கிட்ட கேள்வி கேப்பாங்க. நான் வாயத் திறக்குறதுக்குள்ள… பக்கத்துப் பிள்ளை சொல்லிரும். இல்லன்னா… கேட்டவங்களே சொல்லிருவாங்க. வீட்லயும் அப்படித்தான். டீச்சர் மட்டும்தான்… யோசிக்கச் சொல்லிட்டு… அப்படியே நின்னாங்க. என்னையே பாத்துக்கிட்டு. இத்தன நாளும் கண்ணு எடுக்கல. நான் ஓடவிட்டா… அடுத்த வரியில அவங்களே பதில் சொல்லிருவாங்க சார்.”

இத்தனை நீளமாக அவள் பேசி அந்த வீட்டுச் சுவர்கள்கூடக் கேட்டிருக்காது. சங்கரவேல் மாடத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அவர் சாம்பார்ச் சட்டியில் சாய்த்து வைத்துத் தனக்கென்று நினைத்துக்கொண்டிருந்தார். கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் வந்தது என்னவோ, தன்னைப்போலவே இன்னொருத்தியும் இந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்புதான்.

“அப்ப அவ சொல்றதுக்கு முந்தி நீ சொல்லிரு,” என்றார். “நான் கேக்குறேன். ஏன் வழியாது?”

கேட்டுவிட்டு, சும்மா இருந்தார்.

எவ்வளவு நேரம் என்று அவர் பார்க்கவில்லை. நடுவில் ஒரு சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டார். அம்மா வாசலிலிருந்து ஏதோ சொல்ல வந்தாள். கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஐஸ் மிதக்குறப்பவே…” என்று தொடங்கினாள் சுடர்விழி. “தன்னோட எடைக்கு எவ்வளவு தண்ணியோ… அந்த அளவுக்குத் தண்ணிய விலக்கி… இடம் எடுத்துக்குது. கரைஞ்சு தண்ணியானதும்… அதே இடம் அதுக்குச் சரியா இருக்கும். கூடக் கேக்காது… குறைக்கவும் செய்யாது. அது இருக்கப்போற இடத்த… முன்னாடியே பிடிச்சு வச்சிருந்திருக்கு. அதனால வழியாது.”

“வழியாது,” என்றார் சங்கரவேல். வேறு எதையும் சேர்க்கவில்லை.

அவள் எழுந்து மாடத்துக்குப் போனாள். விரலை நீட்டிவிட்டு மறுபடி திரும்பினாள்.

“இனிமே யாரு சார்… காத்திருப்பாங்க?”

“எனக்குக் காத்திருந்து பழக்கமாயிருச்சு பாப்பா. கடைக்கு வா. நீ சொல்லி முடிக்கிறவரைக்கும் பேருந்து போனாலும் போகட்டும்.”

அவள் அதை நன்றாக யோசித்தாள். பிறகு அழுத்தினாள்.

மங்கையின் உதடுகள் கூடின. தம்ளர் அசைந்தது. பாடம் தடங்கல் இல்லாமல் போய் முடிந்தது. சுடர்விழி சொன்னதைத்தான் மங்கையும் சொன்னாள், கொஞ்சம் வேகமாக. கடைசியில் நன்றி சொல்லி வணக்கம் போட்டபோது சுடர்விழியும் எழுந்து நின்று வணக்கம் போட்டாள். திரை கறுத்தது. அடுத்த நொடியே அந்தப் போன் அடித்தது. அம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து எடுத்து, ஊரில் இருக்கும் தன் தம்பியிடம் இரண்டு வருடத்துச் செய்தியைச் சொல்லத் தொடங்கினாள்.

சங்கரவேல் ஓடவில்லை. நடந்தார். ஓடினால், வாசலில் அவள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. தெருமுனையில் தாமோதரன் எதிரே வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் காணாமல் போனார்.

மங்கை வாசலில் இருந்தாள். முதல் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவள் உள்ளே நின்ற அந்தச் சுடர்விழி வீட்டுப் போனை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்துக்குச் சுருங்கியிருந்தாள். புடவையின் கொசுவம் கலையாமல் இருந்தது.

“படி ஏற முடியலங்க,” என்றாள்.

அவர் குனிந்து உள்ளங்கையை விரித்தார். அவள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். அந்தச் சின்னக் கனம் கையில் பட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறு கையால் கதவைத் திறந்து, நடுக்கூடத்தில் நின்றார்.

மங்கை விட்டத்தைப் பார்த்தாள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள், அடுக்களைவரை நீண்டு கிடந்த தரையைப் பார்த்தாள்.

“என்னங்க, வீடு இவ்வளவு பெருசாயிருச்சு?”

“நீ போன அன்னைக்கே ஆயிருச்சு,” என்றார் சங்கரவேல்.